பழைய டவுன்ஏஸும் பதுளை வீதியும்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கி, களப்புக் கரைப் புல்லெல்லாம் காய்ந்து, பின்னேரம் மூன்று மணிக்கும் முற்றத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாத காலத்தில்தான் மட்டக்களப்பில் வீட்டுக்கு வீடு நுவரெலியாக் கதை எழும். ஓகஸ்ட் விடுமுறை, பிள்ளைகள் வீட்டில், எல்லோருக்கும் குளிர் வேண்டும். அடுத்த கேள்வி, நம்மிடம் இருக்கிற பழைய வான் அந்த மலையை ஏறுமா என்பது. இதைக் கேட்டு எடுக்கும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் போனில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். ஏறும். முப்பது வருடப் பழைய டொயோட்டா டவுன்ஏஸ் வான் குடும்பத்தோடு தாராளமாக ஏறும், இறங்கும். ஆனால் மட்டக்களப்பில் நன்றாக ஓடுகிறது என்பதை வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வராதீர்கள்.

ஏனென்றால் எங்கள் ஊரில் மலை இல்லை. கல்லாற்றிலிருந்து வாழைச்சேனை வரை ஓடினாலும் ஏற்றம் என்று சொல்ல இருப்பது கல்லடிப் பாலம் போன்ற பாலங்கள்தான். கடல் மட்டத்தில், தட்டையான வீதியில், நாற்பது ஐம்பது வேகத்தில், சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடும் வானில் எஞ்சினும் பிரேக்கும் முழுப் பலத்தோடு வேலை செய்யும் தேவையே வருவதில்லை. ரேடியேட்டர் பாதி அடைபட்டிருந்தாலும் சூடு காட்டும் ஊசி நடுவில் நிற்கும். பிரேக் ஒயில் கறுத்துப்போய் இருந்தாலும் பெடல் கெட்டியாக இருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதி, நாங்கள் பதுளை வீதி என்று சொல்வது, கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை வரை பெரிய பிரச்சினை தராமல் போய், அதற்கு அப்பால் லுணுகலை, பசறை என்று வளைந்து வளைந்து மேலே ஏறும். பதுளையில் மூச்சு விட்டு, ஹாலிஎல, வெலிமடை, ஹக்கலை என்று மறுபடியும் ஏற்றம். ஊரில் வருடக்கணக்காக ஒளிந்திருந்த குறைகள் எல்லாம் அந்த வளைவுகளில்தான் வெளியே வரும்.

இந்த வான்களை விட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமே என்று கேட்பவர்கள் விலைகளைப் பார்த்திருக்க மாட்டார்கள். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 வரை திறக்கவில்லை, அந்த ஐந்து வருடத்தில் பழைய வான்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்த வானைப் பேணிப் பேணித்தான் ஓட வேண்டும், நானும் அப்படித்தான் ஓடுகிறேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

எங்களுடையது 2சி டீசல் எஞ்சின். 1,974 சிசி, டேர்போ இல்லை. இங்கே ஓடும் பழைய டவுன்ஏஸ், லைட்ஏஸ் வான்களில் நிறைய இந்த எஞ்சின்தான். கஷ்டப்பட்டு உழைக்கிற எஞ்சின், ஆனால் சூட்டை மட்டும் பொறுக்காது. கீழே புளொக் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவான சூட்டில் இரண்டும் ஒத்துப்போகும், ஒருமுறை கொதித்துவிட்டால் ஹெட் வளையும், இரண்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் போகும், இந்த எஞ்சினில் வால்வுகளுக்கு இடையில் வெடிப்பும் விழும். எங்கள் கராஜ் அண்ணன் இதை ஒரே வரியில் சொல்வார்: “மனே, இந்த எஞ்சின் தண்ணியிலதான் உசிரோட இரிக்கி. ஒருக்காக் கொதிச்சா ஹெட்டு போயிரும், பொறகு செலவழிச்சி மாளாது.” அதனால்தான் யார் கேட்டாலும் நான் பெயின்ற், சீற் கவர், பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன்.

தொடங்க வேண்டிய இடம் ரேடியேட்டர் மூடி. மலிவான சாமான், ஆனால் கராஜில் யாரும் கவனிப்பதில்லை. அந்த மூடியின் வேலை தண்ணீர் சிந்தாமல் பார்ப்பது மட்டுமில்லை, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். மூடியில் பெரும்பாலும் 0.9 என்று அழுத்த அளவு பொறித்திருக்கும். அந்த அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீர்கூட 120 பாகை செல்சியசுக்குக் கிட்டப் போகும் வரை கொதிக்காது. ரப்பர் இறுகி அழுத்தம் கசிந்தால் ஊரில் 100 பாகையிலேயே கொதிக்கும். உயரம் கூடக் கூட நிலைமை இன்னும் மோசம், நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையளவில் கொதித்துவிடும். அதாவது எஞ்சின் அதிகம் உழைக்கிற ஏற்றத்தில், கெட்டுப்போன மூடி உள்ள வானுக்குக் கொதிநிலை கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. ரிசேர்வ் போத்தலைப் பாருங்கள். சூடானபோது அதில் மட்டம் கொஞ்சம் ஏறி, ஆறியபோது இறங்கினால் மூடி வேலை செய்கிறது. மட்டம் அசையவே இல்லை என்றால் புதிய மூடி வாங்குங்கள், அதே அழுத்த இலக்கம் உள்ளதை.

அப்புறம் உள்ளே இருக்கும் தண்ணீர். களப்புக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற எங்கள் கிணறுகள் பலவற்றில் உவர் கலந்திருக்கும். குளிக்கலாம், தோய்க்கலாம், ரேடியேட்டருக்குள் வருடக்கணக்காக ஊற்றக்கூடாது. உப்பு அலுமினியத்தைத் தின்னும், சுண்ணாம்பு குழாய்களுக்குள் படியும். எங்களுக்கு உறைபனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருப் பிடிக்காமல் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்தான் இங்கே நமக்குத் தேவை. பழைய தண்ணீரை வடித்து, சுத்தமான தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, கழுவின தண்ணீர் தெளிவாக வரும்வரை விட்டு, பிறகு நல்ல கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீருடன் சரி பாதியாகக் கலந்து ஊற்றுங்கள். வடித்த நீர் பற்றரிக் கடைகளில் கிடைக்கும். கழுவும்போது துருக்கட்டிகள் வந்துகொண்டே இருந்தால் ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்து உட்குழாய்களைச் சுத்தம் செய்விக்க வேண்டும், கடையில் விற்கும் மருந்தை ஊற்றி அந்த வேலையை முடிக்க முடியாது. வெளிப்பக்கமும் முக்கியம். ஏசி உள்ள வானில் கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மணலும் பூச்சியும் சருகும் அடைந்து கம்பளம் விரித்த மாதிரிக் கிடக்கும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். சேர்விஸ் நிலையத்துப் பிரஷர் குழாயைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் மடங்கிப் போகும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே இருக்கிறது. வெயில் நாடு, இது தேவையில்லை, கழற்றி எறிந்தால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்று சொல்லிக் கழற்றிவிடும் பழக்கம் கிழக்கு மாகாணம் முழுக்க இருக்கிறது. பல டொயோட்டா எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டர் பக்கத்தைத் திறப்பது ஒன்று, அதே நேரம் பைபாஸ் வழியை மூடுவது மற்றது. அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தபடியே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். ஊரில் ஓடும்போது இது தெரியாது, தட்டையான வீதியில் உருவாகும் சூடு குறைவு. லுணுகலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முழு ரேஸில் போகும்போதுதான் ஊசி மேலே போகும், ஏன் என்று யாருக்கும் விளங்காது. வாகனத்துக்கு உரிய தெர்மோஸ்டாட்டை வாங்கிப் பூட்டுங்கள். எத்தனை பாகையில் திறக்கும் என்று அதன்மேலேயே பொறித்திருக்கும், பூட்டுவதற்கு முன் ஒரு சட்டியில் தண்ணீரோடு அடுப்பில் வைத்தால் அது திறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ரேடியேட்டர் விசிறியின் நடுவில் உள்ள பிசுக்கு ஒயில் கப்ளிங்கும் வயதாகிச் சோரும். நல்ல சூட்டில் எஞ்சினை நிறுத்தினால் விசிறி உடனே நிற்க வேண்டும், சும்மா சுற்றிக்கொண்டு நின்றால் கப்ளிங் களைத்துவிட்டது. ஹோஸ்களை ஆறின எஞ்சினில் விரலால் அமுக்கிப் பாருங்கள், பஞ்சு போல அமிழ்ந்தாலும் தகரம் போல இறுகியிருந்தாலும் மாற்றுங்கள். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் மட்டும் மாற்றிவிட்டு, ஹீற்றருக்குப் போகும் சின்ன ஹோஸ்களை மறந்துவிடுவார்கள். இங்கே பல வான்களில் ஹீற்றர் தேவையில்லை என்று அந்தக் குழாயைத் துண்டித்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். திரும்பப் பொருத்துங்கள். ஏற்றத்தில் ஊசி எழும்பத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி ஹீற்றரை முழுதாகத் திறந்துவிடுவதுதான் கைவசம் இருக்கும் முதல் மருந்து, உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், எஞ்சினுக்கு அது இரண்டாவது சின்ன ரேடியேட்டர். அப்புறம் நுவரெலியா போய்ச் சேர்ந்தால் அதே ஹீற்றரை அம்மம்மாவே போடச் சொல்வார்.

ஊசியை முழுதாக நம்பவும் கூடாது. தண்ணீர் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சர் காற்றில் நிற்கும், ஊசி கீழே இறங்கி எல்லாம் சரி என்று காட்டும், அந்த நேரத்தில்தான் ஹெட் வளைந்துகொண்டிருக்கும். தண்ணீர் குறைந்தால் சத்தம் போடும் சின்ன அலாரம் ஒன்றை ஓட்டோ எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பூட்டலாம், 2சி வைத்திருக்கும் எல்லோரும் பூட்ட வேண்டும் என்பது என் கருத்து.

ஏறுவது பற்றி இவ்வளவு. இறங்குவது இதைவிட முக்கியம், ஏறும்போது எஞ்சின் கொதித்தால் போவது காசு மட்டும்தான்.

பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது முழுதாக மாற்ற வேண்டும், இந்த வேலையைச் செய்யும் வீடுகள் மிகக் குறைவு. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எங்கள் களப்புக் கரை ஈரக்காற்றில் இன்னும் நன்றாக இழுக்கும். புதிய டொட் 3 ரக ஒயில் 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய அதே ஒயிலுக்கு அளவு 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் புதிதில் 230, ஈரத்தில் 155. ஹக்கலையிலிருந்து வெலிமடைக்கு இறங்கும்போது பிரேக்கை அமுக்கியபடியே வந்தால் முன் சக்கரங்களில் அந்தச் சூடு வெகு சுலபமாக வந்துவிடும். ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள், பெடல் அப்படியே தரைக்குப் போகும். முதல் நாள்வரை நன்றாகப் பிடித்த பிரேக் மலை இறக்கத்தில் ஏன் விட்டது என்று கேட்கிறார்களே, பெரும்பாலும் காரணம் இதுதான். ஆகவே பழைய ஒயிலை நான்கு சக்கரத்திலும் வடித்து, புதிய போத்தலை நம் கண்முன்னே திறந்து ஊற்றச் சொல்லுங்கள். பாதி பாவித்துத் திறந்துவைத்த போத்தல் வேண்டாம்.

அதே நேரத்தில் வானுக்கு அடியில் படுத்து பிரேக் குழாய்களைப் பார்க்க வேண்டும். கடற்காற்று ஊரில் இரும்புக் குழாய் மேலே மண் ஒட்டி, அதன் கீழே துரு தின்றிருக்கும், மண்ணைச் சுரண்டினால்தான் தெரியும். கிளிப் போட்டுப் பிடித்திருக்கும் இடங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாய்களில் சின்ன வெடிப்பு இருந்தாலும் மாற்றுங்கள். முன்பக்கம் பேட், பின்பக்க ட்ரம்மில் லைனர், அதற்குள்ளே சிலிண்டர் ரப்பர் கசிகிறதா என்பது, ஹேண்ட் பிரேக் சரிவில் வானைப் பிடித்து நிற்கிறதா என்பது, இவற்றையும் பாருங்கள். கடைசியைச் சோதிக்க ஊரில் நல்ல சரிவு கிடைப்பது கஷ்டம், பாலத்து ஏறுபாதைதான் இருக்கிறது, விடியற்காலையில் வாகனம் குறைந்த நேரமாகப் பார்த்து எங்காவது ஓரமாகச் சோதியுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சிலர் எஞ்சினையே நிறுத்தி உருள விடுவார்கள். இந்த டீசல் வான்களில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை உண்டாக்கும் பம்ப் ஓல்டர்நேட்டரின் பின்னால் பூட்டியிருக்கும், எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும். எஞ்சின் ஓடினாலும் நியூட்ரலில் எஞ்சின் பிடி இல்லை, முழுப் பாரமும் பிரேக்கில். என்ன கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டு, வளைவு கடுமையாக இருந்தால் ஒன்று. பிரேக்கை ஒருமுறை நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து முழுதாக விடுங்கள், காலைத் தொடர்ந்து வைத்துத் தேய்க்காதீர்கள். எரிந்த வாசம் வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும், இடம் விட்டுக் கொடுத்துவிட்டு உங்கள் வேகத்தில் வாருங்கள்.

டயரில் முதலில் பார்க்க வேண்டியது பட்டன், அதாவது தரையில் படும் வரிப் பகுதி, இல்லை, வயது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம் செய்தது. குறைவாக ஓடும் வானில் பட்டன் புதிது போல இருக்கும், வெயிலில் நின்று ரப்பர் வெடித்திருக்கும். ஆறு வருடம் தாண்டினால் கவனமாகச் சோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனதை எப்படி இருந்தாலும் போட்டுக்கொண்டு போகக்கூடாது. டக் பண்ணின டயரை, அதாவது பழைய டயருக்கு மேலே புதிய ரப்பர் ஒட்டியதை, இந்தப் பயணத்துக்கு, முக்கியமாக முன்னால், நான் போடவே மாட்டேன். பாரம் சுமக்கும் வானுக்குக் கார் டயரும் சரிவராது. காற்று அளவு சாரதிக் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதுதான், காலையில் ஓடுவதற்கு முன் பிடிக்க வேண்டும். மத்தியான வெயிலில் ஓடி வந்து அளந்தால் கூடுதலாகவே காட்டும், சரி கூடிவிட்டதே என்று காற்றைத் திறந்துவிட்டால் உண்மையில் குறைந்த காற்றோடுதான் ஓடுவீர்கள், குறைந்த காற்றுதான் டயரைச் சூடாக்கி வெடிக்கவைக்கும். ஸ்பெயார் வீலை இறக்கிப் பாருங்கள். அடியில் தொங்கும் அதன் சங்கிலி துருப்பிடித்து இறங்காமல் நிற்பதை மகாஓயாக் காட்டுக்குள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஜாக்கிக்குக் கீழே வைக்க ஒரு பலகைத் துண்டும், சரிவில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கட்டையும் சேர்த்து வையுங்கள்.

எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் பற்றிச் சுருக்கமாக. 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, டேஷ்போர்ட்டில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு எரியும். பல கைமாறி வந்த வானில் அந்த விளக்கையும் மீற்றரையும் நம்ப முடியாது, விளக்கை அணைத்துவிடுவது சின்ன வேலை. பெல்ட் எப்போது மாற்றினது என்று எழுத்தில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, டென்ஷனரோடும் தண்ணீர் பம்போடும் சேர்த்து மாற்றுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

டீசல் ஃபில்டரும் அப்படித்தான், புதிது போடுங்கள், கீழே உள்ள தண்ணீர் வடிகட்டியைத் திறந்து வடியுங்கள். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் கலன்களிலும் பீப்பாய்களிலும் சேர்த்து வைத்த டீசலை ஊற்றிய வான்கள் எத்தனையோ, அந்த அழுக்குத் தாங்கியின் அடியில் இன்னும் கிடக்கலாம். ஏற்றத்தில் டீசல் அதிகம் இழுக்கும்போது அடைபட்ட ஃபில்டர் மூச்சைப் பிடித்துவிடும். ஒயிலும் ஒயில் ஃபில்டரும், எயார் ஃபில்டரும் எல்லோரும் மாற்றுவதுதான்.

குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினுக்குள் சூடேற்றிக் கொடுக்கும் குளோ பிளக்கைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் மட்டக்களப்பில் அது செத்துப்போனால்கூடத் தெரியாது. முப்பது பாகைச் சூட்டில் டீசல் எஞ்சின் அது இல்லாமலே ஸ்டார்ட் ஆகும். நுவரெலியாவில் விடிய எழும்பிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிர், ஸ்டார்ட்டர் சுற்றும், வெள்ளைப் புகை வரும், எஞ்சின் பிடிக்காது. எங்கள் வெயிலில் தண்ணீர் வற்றிக் களைத்திருந்த பற்றரியும் அன்றைக்கே கையை விரிக்கும். நான்கு குளோ பிளக்கையும் கழற்றி ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள், அதிக நேரம் எடுக்காது. பற்றரியில் வடித்த நீர் மட்டம் பார்த்து, எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குக் கிட்ட வருகிறதா என்றும் அளக்கச் சொல்லுங்கள்.

இத்தனை வேலையையும் எப்போது செய்வது என்பதில்தான் பெரும்பாலானோருடன் எனக்குக் கருத்து வேறுபாடு. வெள்ளிக்கிழமை பின்னேரம் கராஜிலிருந்து எடுத்து சனி விடிய மலைக்குப் போவது எங்கள் ஊர் வழக்கம். வேண்டாம். புதிதாகப் பூட்டிய ஹோஸின் கிளிப் இரண்டு மூன்று தடவை சூடாகி ஆறினபின் மறுபடி இறுக்க வேண்டிவரும், புதிய லைனர் ட்ரம்முடன் பொருந்த ஓட்டம் வேண்டும், கழற்றிப் பூட்டிய சக்கர நட்டுகளைக் கொஞ்ச தூரம் ஓடியபின் திரும்பவும் இறுக்க வேண்டும், கூலிங் குழாய்களுக்குள் சிக்கிய காற்று வெளியேறத் தண்ணீர் மட்டம் இறங்கும். குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்பே வேலையை முடித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பொத்துவில் வரை போய் வாருங்கள். களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று தாண்டி நூறு கிலோமீற்றர் சொச்சம், போக ஒருதரம் வர ஒருதரம், உச்சி வெயிலில். மலை இல்லைதான், ஆனால் நீண்ட ஓட்டத்தில் எது கசியும் எது தளரும் என்பதை வீட்டுக்குக் கிட்டவே தெரிந்துகொள்ளலாம். பொத்துவிலில் நிறுத்திக் கீழே குனிந்து பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் அடியில் ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்து வைத்து விடியப் பாருங்கள்.

வாகன வருமான வரிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எல்லாம் திகதிக்குள் இருக்கட்டும். ஏற்றத்தில் கரும்புகை கக்கினால் இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும், அது டீசலையும் வீணாக்கும்.

புறப்படும் நேரத்துக்கு ஒரு வார்த்தை. வெயிலுக்கு முன் மலை ஏறவேண்டும் என்று அதிகாலை மூன்று மணிக்கே கிளம்புவார்கள். புல்லுமலையிலிருந்து மகாஓயா, பதியத்தலாவை வரை யானை வீதிக்கு வரும் பகுதி, இருட்டில் அந்த இடங்களைக் கடக்க வேண்டாம், அதுவும் மங்கிய முன்விளக்கோடு. கரடியனாறு தாண்டும்போது நன்றாக விடிந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். மகாஓயா வெந்நீர் ஊற்றில் பிள்ளைகள் கால் நனைக்கும் நேரத்தில் நீங்கள் டயரையும் தண்ணீர் மட்டத்தையும் ஒருதரம் பாருங்கள், சூடான மூடியைத் திறக்காமல் ரிசேர்வ் போத்தலை மட்டும். பிபிலையில் இன்னொரு ஓய்வு, அதோடு ஏசி நிறுத்தம். எஞ்சின் சீற்றுக்குக் கீழேதான், முன்னால் இருப்பவருக்குச் சூடு ஏறும், ஆகவே வயதானவர்களை நடுவரிசையில் ஜன்னல் பக்கம் இருத்துங்கள்.

அப்படியும் கொதித்துவிட்டால், ஆவி வந்துவிட்டால், நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், முக்கால் மணி நேரமாவது ஒன்றும் செய்யாதீர்கள். லுணுகலைப் பக்கம் வீதியோரம் அருமையான குளிர்ந்த நீர் வழிந்தோடும், அதை அள்ளி வந்து சூடான எஞ்சினுக்குள் ஊற்ற மனம் துடிக்கும். வெடிக்காத ஹெட்டையும் அது வெடிக்க வைத்துவிடும். கையால் தொடும் அளவுக்கு ஆறட்டும், பிறகு துணியால் மூடியை மெதுவாகத் திறந்து, கொண்டுவந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினை ஓடவிட்டு ஊற்றுங்கள். இதற்காகவே பத்து லீற்றர் தண்ணீர், ஒரு மேல் ஹோஸ், இரண்டு கிளிப், ஒரு விசிறி பெல்ட், சில ஃபியூஸ், பல்ப் வானில் இருக்க வேண்டும்.

பாரம்தான் கடைசி விஷயம், வீட்டில் சண்டை வருவதும் இதில்தான். போகும்போது சோறு சமைக்கப் பானை சட்டி, பாய், போர்வை, மலைநாட்டுச் சொந்தக்காரருக்குக் கருவாடு, தயிர்ச் சட்டி. கேஸ் சிலிண்டரை ஆட்களோடு உள்ளே ஏற்றுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை, வெயிலில் பூட்டிய வானுக்குள் அது இருக்கக்கூடாது, சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போகலாம். வரும்போது வெலிமடைப் பக்கம் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு மலிவு என்று மூட்டை மூட்டையாக வாங்கிக் கூரையில் கட்டுவார்கள், இறங்கும் பயணத்தில், பிரேக்குக்கு அதிக வேலை இருக்கும் வழியில். கூரையில் ஏற்றும் பாரம் வளைவில் வானைச் சாய்க்கவும் செய்யும். மரக்கறி வாங்குங்கள், அளவாக, சீற்றுக்குக் கீழே தரையில் வைக்கிற அளவுக்கு. கூரையில் போர்வையும் பாயும் மட்டும் போகட்டும்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் குறைந்திருந்து, வெளியில் எங்கும் கசிவு தெரியவில்லை என்றால், அல்லது மேலே ஒயில் படலம் மிதந்தால், அடுத்த பயணம்வரை காத்திருக்காமல் கேஸ்கட்டுக்கு அழுத்தச் சோதனை செய்வியுங்கள். சக்கர நட்டுகளையும் அன்றைக்கே ஒருதரம் இறுக்கிவிடுங்கள்.